அழட்டும் சார்

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஜூலை 28 அன்று ஜப்பானின் ஜூடோ வீராங்கனை உட்டா அபே அழுததை இன்னமும் மறக்க முடியவில்லை. நான்கு முறை உலக சாம்பியன், டோக்கியோவில் 52 கிலோ ஜூடோவில் தங்கம். அன்றைக்கும் வாஸாரி என்கிற அரைப்புள்ளி எடுத்து முன்னிலையில்தான் இருந்தார், அப்புறம் உஸ்பெகிஸ்தானின் கெல்தியோரோவா சட்டென்று முதுகு படத் தள்ளி இப்போன், அதாவது ஆட்டத்தையே முடித்துவிடும் முழுப்புள்ளி, எடுத்துவிட, இரண்டாவது சுற்றிலேயே ஆட்டம் முடிந்தது. பயிற்சியாளரைக் கட்டிக்கொண்டு அரங்கமே கேட்கும்படி கதறினார். கூட்டம் அவர் பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்தியது. ஆனால் ஜப்பானிலேயே சிலர், ஒரு ஜூடோ வீராங்கனை இப்படியா அழுவது என்று திட்டி எழுதினார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. பத்தாம் வகுப்பில் மாவட்ட கராத்தே போட்டியில், குமித்தே எனப்படும் நேருக்கு நேர் மோதும் பிரிவில் முதல் சுற்றிலேயே தோற்று ஓரமாக உட்கார்ந்து அழுதபோது, மாஸ்டர் எல்லார் முன்னாலும் "பெல்ட்டைக் கழட்டி வச்சிட்டுப் போடா" என்றார். ஒரு மாதம் வகுப்புக்குப் போகவில்லை. திரும்பிப் போனபோது நான் அழாத பையன், மனசு நல்லா உறுதியாயிடுச்சு என்று எல்லாரும் பாராட்டினார்கள். உள்ளே நடந்தது வேறு. கொஞ்சம் கஷ்டமான ஆள் எதிரே வந்தால் போதும், முட்டி வலிக்கிறது என்று சொல்லி ஒதுங்கிவிடுவேன். இப்படியே மூன்று வருஷம் போனது.

இன்றைக்குத் தோற்றேன் என்பது அழுதால் கரைந்துவிடும். நான் எதற்கும் லாயக்கில்லை என்பது கரையாது, அதைப் பிள்ளைகள் தலையில் ஏற்றுவது பெரும்பாலும் மாஸ்டர்களும் பெற்றோரும்தான். அழுகையை அடக்கினால் மன உறுதி வந்துவிடும் என்று நாம் நம்புகிறோம். அவ்வளவு அழுத உட்டா 2025இல் புடாபெஸ்டுக்குப் போய் ஐந்தாவது முறையாக உலக சாம்பியன் ஆனார்.

இப்போது நானும் சனி ஞாயிறுகளில் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு போட்டியில் பதினோரு வயதுப் பெண் தோற்றுவிட்டு விம்மி விம்மி அழுதாள். அவள் அப்பாவுக்குச் சங்கடம், "அழாதேன்னு நீங்களாவது சொல்லுங்க மாஸ்டர்" என்றார். "அழட்டும் சார், கொஞ்ச நேரம் விடுங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் எதுவும் பேசவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, சுற்றி வந்து அடிக்கும் உதையைப் பற்றி அவளாகவே கேட்டாள், "அந்த அக்கா அடிச்ச மவாஷி கெரியை எப்படித் தடுத்திருக்கணும்?"

அங்கேயே, படிக்கட்டு ஓரமாக, ஐந்தாறு முறை செய்து பார்த்தோம்.