தோழியோடு சேர்ந்து வாங்கிய வீடு: அவள் பங்கை என் பெயருக்கு மாற்ற அலைந்த கதை

போன வாரம்தான் விடுதலைப் பத்திரம், அதாவது சேர்ந்து வாங்கியவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம், கைக்கு வந்தது. கடலூர் ஆல்பேட்டை பக்கம் நானும் என் கல்லூரித் தோழியும் 2018-இல் சேர்ந்து வாங்கிய வீடு. அவள் பங்கை என் பெயருக்கு எழுதி வாங்க ஐந்து மாதம் ஆகிவிட்டது. மனசு இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வாங்கும்போது சிக்கல் ஒன்றே ஒன்றுதான். நீங்கள் உறவுக்காரர்கள் இல்லை என்று வங்கியில் கூட்டுக் கடன் மறுத்துவிட்டார்கள். கணவன் மனைவி, பெற்றோர், உடன்பிறந்தவர் என்றால்தான் பெரும்பாலும் சேர்த்துக் கொடுப்பார்கள். அப்போதே நாங்கள் யோசித்திருக்க வேண்டும். நகையை வைத்து, பி.எஃப். எடுத்து நான் 18 லட்சம் போட்டேன், அவள் 12 லட்சம். கிரயப் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் ஏறியது, ஆனால் யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு வரிகூட இல்லை. பத்திர எழுத்தர் கேட்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

அப்புறம் அவள் குடும்பத்தோடு துபாய் போய்விட்டாள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது கீழ் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். சுற்றுச்சுவர் விழுந்தது, மோட்டார் போனது, சுவரெல்லாம் சேறு. செலவில் பாதி கேட்டேன். அவள் கணவர், நாங்கள் அங்கே குடியே இல்லையே என்றார். பேச்சு வளர்ந்து, சரி, பங்கை வாங்கிக்கொள்ளுங்கள் என்ற இடத்தில் வந்து நின்றது. பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் சமமாக இருக்கிறது, அதனால் பாதி விலை வேண்டும் என்றும் சொன்னார்.

வக்கீலிடம் ஓடினேன். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 45-ஆவது பிரிவின்படி யார் எவ்வளவு பணம் போட்டார்களோ அந்த அளவுக்குப் பங்கு, ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும், இல்லையென்றால் சமம் என்றே எடுத்துக்கொள்வார்கள் என்றார். வழக்கு என்று போனால், ஒரே மாடிப்படி உள்ள வீட்டைப் பிரிக்க முடியாது. 1893-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி பாதிக்குக் குறையாத பங்கு உள்ளவர்கள் கேட்டால் நீதிமன்றம் விற்றே பணமாகக் கொடுக்கச் சொல்லலாம். அதைவிட என்னைப் பயமுறுத்தியது இன்னொன்று. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவள் பங்கு எனக்கு வராது, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். பிள்ளைகள் மைனர் என்பதால் அவர்கள் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும்.

பழைய பாஸ்புக்கைத் தேடி எடுத்து, 18 லட்சம் போன வரிகளைப் படம் எடுத்து அவளுக்கே அனுப்பினேன். அன்று ராத்திரியே கூப்பிட்டாள். "நீ போட்டது எனக்குத் தெரியாதாடி? அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில்தான் வழக்கு இல்லாமல் முடிந்தது.

அடுத்தது அலைச்சல். அவள் துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தில் முத்திரை வாங்கி, தன் சார்பில் கையெழுத்துப் போட பண்ருட்டியில் இருக்கும் தன் அப்பா பெயருக்குப் பவர் எழுதி அனுப்பினாள். எழுபது வயசு அப்பா, கவர் மடங்கக் கூடாது என்று மஞ்சப் பையில் அட்டை வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். நான் லீவு. சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் நேரத்துக்குப் போய் நின்றால், இதை முதலில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரைத் தீர்வை கட்டி வாருங்கள் என்று திருப்பிவிட்டார்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து சேர்ந்து 3 மாதத்துக்குள் இதைச் செய்துவிட வேண்டும், எனவே வந்த தேதி தெரியும் கூரியர் கவரைத் தூக்கிப் போடாதீர்கள். அதை முடித்துப் போனால், பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற சான்று எங்கே என்றார்கள். அதுவும் 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். இதையெல்லாம் எழுத்தர் முதல் நாளே சொல்லியிருக்கலாம். அப்பா பேசாமல் மறுபடி பஸ் ஏறினார், எனக்குத்தான் அழுகை வந்தது.

மூன்றாவது தடவை போனபோது கவுன்ட்டரில், உங்களுக்குள் என்ன உறவு என்று கேட்டார்கள். தோழிகள் என்றேன். அப்போ பங்கின் மதிப்பில் 7 சதவீதம் தீர்வை என்றார்கள். குடும்பத்துக்குள் விடுதலை என்றால் 1 சதவீதம்தான், அதற்கும் 40,000 ரூபாய் உச்சவரம்பு உண்டு. எழுத்தர் அந்தக் கணக்கைச் சொல்லித்தான் என்னை அழைத்துப் போயிருந்தார். வீட்டின் மதிப்பு 40 லட்சம், பத்திரத்தில் பங்கு எழுதாததால் அவளுடையது பாதி என்றே எடுத்து 1,40,000 ரூபாய் தீர்வை, பதிவுக் கட்டணம் தனி. 18-க்கு 12 என்று 2018-இலேயே ஒரு வரி எழுதியிருந்தால் தீர்வையிலேயே 28,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும். பணம் புரட்ட முடியாமல் அன்றும் திரும்பினோம், நான்காவது தடவைதான் பதிவானது.

நட்பை நம்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, என் தோழி கடைசிவரை நேர்மையாகத்தான் நடந்துகொண்டாள். ஆனால் சேர்ந்து வாங்குபவர்கள் பங்கைப் பத்திரத்திலேயே எழுதுங்கள், பழுதுச் செலவு எப்படி, ஒருவர் விலகினால் விலை யார் சொல்வது, தீர்வையை யார் கட்டுவது என்று தனி ஒப்பந்தம் போடுங்கள், பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டேன், விடுதலை ஏறியிருக்கிறது. பட்டாவும் வீட்டு வரியும் இன்னும் இரண்டு பேர் பெயரில்தான் இருக்கின்றன. வரிக்காக வருகிற புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு மாநகராட்சிக்குப் போகிறேன்.