மினுக்கம் இல்லேன்னா ரிஜெக்டா?

புதுசா லைனுக்கு வந்த தம்பி மதியத்துக்குள்ள 12 சர்க்யூட் போர்டை ஓரங்கட்டி வெச்சிருந்தான். "எல்லாம் மங்கலா இருக்குண்ணே, கோல்ட் (cold) சால்டர், சரியா உருகி ஒட்டலை."

மைக்ராஸ்கோப்ல பார்த்தேன். ஈயமில்லா சால்டர் அப்படித்தான்டா இருக்கும். 96.5% வெள்ளீயம், 3% வெள்ளி, 0.5% செம்பு. உருகவே 217 டிகிரி வேணும். பழைய ஈய சால்டருக்கு 183 போதும். ஆறும்போது மேல சொரசொரன்னு ஆயிடும். (கண்ணாடி மாதிரி மின்னுற ஜாயின்டையே பார்த்துப் பழகின எனக்கும் ஆரம்பத்துல இதே குழப்பம்தான்.) பளபளப்பை விடு, போர்டுல இருக்கிற உலோகப் பேடுலயும் பார்ட்டோட கால்லயும் சால்டர் ஒட்டிப் படர்ந்திருக்கான்னு விளிம்பைப் பாருன்னேன்.

11 பாஸ். கடைசி போர்டுல ஐசி சிப்போட ஒரு கால் பேடைத் தொடாம மயிரிழை தூக்கி நின்னுது. பிடிச்சது அவன்தான், சொன்ன காரணம்தான் தப்பு. டீ என் கணக்கு.