பழைய டிரைவரைப் புதிதாக எழுதப் போகிறவர்களுக்கு

வன்பொருள் டிரைவர் எழுதக் கற்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஓப்பன்-ஓசிடி என்ற திறந்த மூல டீபக்கிங் மென்பொருளில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் யூஎஸ்பி சில்லுகளுக்காக இருந்த பழைய டிரைவரையும், 2012இல் 0.6.0 பதிப்போடு வந்த புதியதையும் அருகருகே திறந்து வைத்துப் படியுங்கள் என்பதுதான். நான் கற்றதும் அப்படித்தான்.

பழையதில் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். கணினியை ஜேடாக் வழியாக (சில்லுகளைச் சோதிக்கவும் டீபக் செய்யவும் உதவும் இணைப்பு முறை) போர்டோடு இணைக்கும் ஒவ்வொரு அடாப்டருக்கும் ரீசெட் எந்தப் பின்னில், எல்இடி எதில் என்பதற்குத் தனித்தனி சி ஃபங்ஷன்கள். சந்தைக்குப் புது அடாப்டர் வந்தால் டிரைவரையே திருத்தி கம்பைல் செய்ய வேண்டும். புதியதில் அந்த விவரமெல்லாம் கான்ஃபிக் ஃபைலில் சில வரிகள். சில்லோடு பேசும் எம்பிஎஸ்எஸ்இ பகுதி (சில்லுக்குள் ஜேடாக் சிக்னல்களை உருவாக்கும் எஞ்சினை இயக்குவது) தனி ஃபைல், அது யூஎஸ்பி சாதனங்களோடு பேச உதவும் லிப்யூஎஸ்பி லைப்ரரியை நேரடியாகப் பயன்படுத்துகிறது. எது போர்டுக்குப் போர்டு மாறும், எது மாறாது என்று பிரித்துப் பார்த்ததுதான் அந்த மாற்றத்தின் உயிர். நீங்களும் ஒரு வரி எழுதும் முன் அந்தப் பிரிவைத் தாளில் போட்டுவிடுங்கள்.

அப்புறம் கீழடுக்கிலிருந்து தொடங்குங்கள். டார்கெட் போர்டை, அதாவது சோதிக்கப்போகும் போர்டை, இணைக்கவே வேண்டாம். அனுப்பியதைத் தனக்கே திருப்பிக்கொள்ளும் லூப்பேக் வசதி எஃப்டிடிஐ சில்லிலேயே இருக்கிறது. அனுப்பிய பிட்டுகள் அப்படியே திரும்புகின்றனவா என்று பாருங்கள். இதைச் சிறிய அளவில் மட்டும் சோதித்து நிறுத்திவிடாதீர்கள். சில்லிலிருந்து வரும் ஒவ்வொரு யூஎஸ்பி பாக்கெட்டின் தலையிலும் 2 பைட் ஸ்டேட்டஸ் இருக்கும். ஹை-ஸ்பீடில் பாக்கெட் 512 பைட். முதல் பாக்கெட்டில் மட்டும் அந்த 2 பைட்டை நீக்கினால் சின்ன ரீட் எல்லாம் சரியாக வரும், பெரிய ரீடில் தரவு நடுவில் இடம் பெயர்ந்துவிடும். கோளாறு ஜேடாக்கில் இருக்கிறது என்று நினைத்து நாள் கணக்கில் தேட வைக்கும் இடம் இது.

வேகத்தையும் இங்கேயே கவனியுங்கள். எஃப்டிடிஐயின் எஃப்டி2232ஹெச் சில்லு 30 மெகாஹெர்ட்ஸ் வரை கிளாக் தரும். ஆனால் பஃபர் நிரம்பாவிட்டால், லேட்டன்சி டைமர் முடியும்வரை சில்லு பதிலைப் பிடித்து வைத்திருக்கும்; அதன் இயல்பு அளவு 16 மில்லிசெகண்ட். ‘உடனே அனுப்பு’ கட்டளையைச் சேர்க்காமல் ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் காத்திருந்தால் கிளாக்கை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. கட்டளைகளை வரிசையில் சேர்த்து மொத்தமாக அனுப்புவதே சரியான வழி.

இதெல்லாம் சரியாக வேலை செய்த பிறகு டார்கெட்டை இணைத்து, டிஎம்எஸ் என்ற ஜேடாக் கட்டுப்பாட்டு சிக்னலை உயரே (1இல்) வைத்து 5 கிளாக் கொடுத்து ஜேடாக்கை ரீசெட் செய்து, டார்கெட் சில்லின் அடையாள எண்ணான ஐடிகோட் படியுங்கள். அதன் 32 பிட்டில் வலது ஓர பிட் (பிட் 0) எப்போதும் 1. எல்லாமே 0 அல்லது எல்லாமே 1 என்று வந்தால் கோடை விட்டுவிட்டு வயர், பவர், ரீசெட் மூன்றையும் பாருங்கள்.

உங்கள் கோடு மாற்றங்களை பேட்ச்சாக ஓப்பன்-ஓசிடி போன்ற திட்டத்துக்கு அனுப்பும்போது கீழடுக்கு தனி, டிரைவர் தனி, கான்ஃபிக் ஃபைல்கள் தனி என்று பிரித்து அனுப்புங்கள். ரிவ்யூ செய்பவர் கையில் உங்களிடம் உள்ள அதே அடாப்டர் இருக்காது. பழைய டிரைவரை நீக்கும் பேட்ச் எல்லாவற்றுக்கும் கடைசியில், வேறு அடாப்டர்கள் வைத்திருப்பவர்கள் புதியதைச் சோதித்துச் சொன்ன பிறகு போகட்டும்.