மீன் தொட்டியோரம்: ஹாங்காங் குறிப்புகள்

அக்டோபர் 9, 2024, புதன்

வெள்ளிக்கிழமை சுங் யேங் விடுமுறை. முன்னோர் கல்லறைக்குப் போகும் நாள். அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தோழி, "காலையில தாத்தா கல்லறைக்குப் போயிட்டு நாங்க நேரா சாய் குங் படகுத்துறைக்கு மீன் சாப்பிட வந்துடுவோம். உங்களையும் வரச் சொல்லி அப்பா சொன்னார்" என்றாள். அவள் அப்பா படகிலேயே பிறந்து வளர்ந்தவர். மீன் பொறுக்கும் வேலையை வேறு யாரிடமும் விடமாட்டாராம். மதியம் எதுவும் சாப்பிடாமல் வரச் சொல்லி உத்தரவு.

அக்டோபர் 11, வெள்ளி

சோய் ஹங்கிலிருந்து 1ஏ மினிபஸ். வரிசை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. பாதிப்பேர் கல்லறைக்குப் போய்வந்தவர்கள், மீதிப்பேர் மலையேறப் போகிறவர்கள்.

சாய் குங் படகுத்துறையில் முதலில் வேடிக்கை பார்த்தோம். மீன்காரர்கள் கீழே படகில், வாங்குபவர்கள் மேலே துறையில். படகு முழுக்க பிளாஸ்டிக் தொட்டிகள். மேலிருந்து கைகாட்டினால் மீனைப் படகிலேயே சுத்தம் செய்து, நீளக் கழியில் கட்டிய வலையில் வைத்து மேலே நீட்டுகிறார்கள். பணமும் அதே வலையில் இறங்குகிறது. பேரம் மட்டும் காற்றில்.

உணவகங்கள் வரிசையாக அதையொட்டி. வாசலில் சுவர் மாதிரி அடுக்கிய கண்ணாடித் தொட்டிகள், காற்றுக் குழாய்கள், எப்போதும் ஈரமான தரை. மேன்டிஸ் இறால்களை ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்துத் தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். சேர்த்து விட்டால் ஒன்றையொன்று அடித்துக் கொன்றுவிடுமாம்.

பாக்ஃபூ (தோழியின் அப்பா; நண்பர்களின் அப்பாவை இங்கே இப்படிக் கூப்பிடுவது உண்டு) பின்னால் கைகட்டிக்கொண்டு தொட்டி தொட்டியாக நடந்தார். மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடும் மீன் வேண்டாம். துடுப்பு கிழிந்தது, பக்கவாட்டில் செதில் உரிந்தது வேண்டாம். தலைக்குப் பின்னால் சதை வற்றியிருந்தால், வந்து பல நாள் ஆகிவிட்டது என்று அர்த்தம். தொட்டியில் மீனுக்கு யாரும் இரை போடுவதில்லை, அது தன் சதையைத் தானே தின்றுகொண்டிருக்கும். அடியில் நிமிர்ந்து நின்று, கண்ணாடியைத் தட்டினால் சட்டென்று திரும்புகிறதே, அதுதான் மீன்.

கடைக்காரர் சிவப்பில் நீலப்புள்ளி போட்ட களவாவைக் காட்டிக்கொண்டே இருந்தார். கல்யாண விருந்துகளில் கௌரவத்துக்கு வைப்பது அதைத்தான். விலைப்பலகையில் அதற்கு எண்ணே கிடையாது, 'அன்றைய விலை' என்று இரண்டு சீன எழுத்து. பாக்ஃபூ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கேட்டிக்குச் சற்று மேல் வரும் பச்சைக் களவாவைக் காட்டினார். ஒரு கேட்டி என்றால் 605 கிராம் போல. அதைவிடப் பெரிய மீனை முழுதாக அவித்தால் நடு வேகும்போது ஓரம் வறண்டுவிடும் என்பது அவர் கட்சி. எடை போடும்போது பையில் தண்ணீர் கூடாது, வலையில் வடித்த பிறகுதான் தராசு. இதை அவர் சொல்லவில்லை, தராசுப் பக்கத்தில் போய் நின்றார். அவ்வளவுதான்.

சுற்றுலா வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பலகையில் இருப்பது கேட்டி விலையா, லியுங் விலையா என்று கேட்காமல் இறாலுக்கும் நண்டுக்கும் தலையாட்டிவிடுவார்கள். ஒரு கேட்டிக்குப் பதினாறு லியுங். மலிவு என்று நினைத்தது பதினாறு மடங்காகும்.

மேசையில் முதல் வேலை கழுவல். சூடான தேநீரை ஊற்றிக் கிண்ணம், கரண்டி, குச்சி எல்லாவற்றையும் அலசிப் பெரிய கிண்ணத்தில் கொட்டினார்கள். பிறகு வெறும் கொதிநீரில் போட்டெடுத்த இறால். மசாலா எதுவும் இல்லை, தொட்டுக்கொள்ள மிளகாய் போட்ட சோயா. கையால் உரித்துத்தான் தின்ன வேண்டும். நம்மூர்க்காரனுக்கு அதில் என்ன கஷ்டம்? பூண்டும் சேமியாவும் வைத்து அவித்த ஸ்காலப் சிப்பி. உப்பும் மிளகும் பூண்டும் புரட்டிய மேன்டிஸ் இறால், ஓட்டைக் கத்தரிக்கோலால் வெட்டி.

மீன் வருவதற்கு முன்னால் ஒரு ரகளை. தோழியின் தம்பி சிகரெட் பிடிக்க வெளியே போயிருந்தான். பாக்ஃபூ எழுந்து வாசல்வரை போய்க் கூப்பிட்டார். மீனுக்காக மனிதர்கள் காத்திருக்கலாம், மனிதர்களுக்காக மீன் காத்திருக்காது என்று சத்தம். ஒரு கேட்டி மீனுக்கு எட்டு நிமிட ஆவி, ஏறக்குறைய. மீனுக்கு அடியில் வெங்காயத்தாளைத் தண்டோடு கொடுத்து ஆவி சுற்றிவர இடம்விடுவார்கள். தட்டில் ஊறிய கவிச்சி நீரைக் கொட்டிவிட்டு, புதிதாக அரிந்த வெங்காயத்தாளைத் தூவி, புகையும் எண்ணெயை அதன்மேல் ஊற்றி, ஓரத்தில் லேசான இனிப்புள்ள சோயா. இஞ்சி உண்டு. வேறொன்றும் இல்லை.

மீனின் தலை தோழியின் பாட்டியைப் பார்த்தபடி தட்டு இறங்கியது. பாக்ஃபூ முதுகுச் சதையைக் கரண்டியால் விலக்கி முள்ளைக் காட்டினார். சதை முள்ளில் கொஞ்சம் ஒட்டியிருந்தது, முள்ளுக்குள் இளஞ்சிவப்பு. இதுதான் பதம். தானே கழன்று வந்தால் வெந்து கெட்டது. மேல்பக்கம் தீர்ந்ததும் நடுமுள்ளைத் தூக்கி எடுத்தார்களே தவிர மீனைத் திருப்பிப் போடவில்லை. திருப்பினால் கடலில் படகு கவிழும் என்று படகுக்காரர்களின் நம்பிக்கை. கன்னச் சதை பாட்டிக்கு. பாட்டி அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் மீன்குழம்பு மறுநாள்தான் ருசி. புளியும் எண்ணெயும் இறங்க ஒரு ராத்திரி வேண்டும். இந்த மீனுக்குக் கால் மணி நேரம்தான் ஆயுசு. பேச்சுவாக்கில் என் கிண்ணத்தில் ஆறிப்போன கடைசித் துண்டைத் தின்றபோது அது வேறு மீன்.

அக்டோபர் 12, சனி

நேற்று அந்தச் சிவப்புக் களவாவுக்குப் பக்கத்துத் தொட்டியில், நெற்றி புடைத்த நெப்போலியன் மீன் ஒன்று தனியாகக் கிடந்தது. 2004இலிருந்து அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கண்ணைச் சுற்றிய கோடுகள் மீனுக்கு மீன் வேறுபடும் என்பதால், அதை வைத்துத் தனித்தனி மீனை அடையாளம் காணும் செயலியை ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்திருக்கிறார்கள். அனுமதி பெற்று வந்த மீன் விற்றுப்போனதும் அதே கணக்கில் கள்ள மீனை நுழைத்துவிடக் கூடாதே.

ஹாங்காங் கடலில் இழுவலை 2012 டிசம்பர் 31 முதல் தடை. தொட்டிகளில் நீந்துவதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது, அல்லது வளர்த்தது. 'உள்ளூர்க் கடல் மீன்' என்ற பேச்சை நான் காசு கொடுத்து நம்பமாட்டேன். பவளப்பாறைக் களவாக்கள் வளர்ந்து முட்டையிடப் பல ஆண்டு எடுப்பவை. தட்டுக்கு அடங்கும் அளவில் கேட்டுக் கேட்டே குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறோம். வளர்ப்புப் பச்சைக் களவாவை எடுத்த பாக்ஃபூ சிக்கனத்துக்காகத்தான் எடுத்தார், ஆனாலும் சரியான மீன்.

செய்தியில் இன்னொன்று: 2020இல் நிறுத்திய ஆஸ்திரேலியச் சிங்கி இறாலை இந்த ஆண்டு முடிவதற்குள் சீனா மறுபடி உள்ளே விடப்போகிறது. தொட்டிக்காரர்கள் விலை பேச ஆரம்பித்திருப்பார்கள்.

அக்டோபர் 16, புதன்

வேலையாக ஹாங்காங் தீவின் தென்பக்கத்து அபர்டீன் போனேன். ஜம்போ மிதவை உணவகம் நின்ற இடத்தில் இப்போது வெறும் தண்ணீர். 1976இல் திறந்தது, 2020இல் மூடியது, 2022 ஜூனில் இழுத்துச் செல்லும் வழியில் தென்சீனக் கடலில் கவிழ்ந்தது. முதலில் கட்டிய கப்பல் திறப்பதற்கு முன்பே 1971இல் எரிந்து 34 பேர் செத்தது பலருக்கு நினைவில்லை.

இரவு ஒரு சின்னக் கடையில் புயல் ஒதுங்குதுறை நண்டு. புயலுக்குப் படகுகள் ஒதுங்கும் காஸ்வே பே துறையில், படகுகளிலேயே பிறந்த சமையல். பொரித்த பூண்டு மலை, மிளகாய், நொதிக்கவைத்த கறுப்புச் சோயா பயறு. இங்கே என் நாக்குக்கு ஊர் ஞாபகம் வரவைக்கும் ஒரே பண்டம். நண்டு தீர்ந்த பிறகும் பூண்டைச் சோற்றில் போட்டுப் பிசைந்தேன், பணிப்பெண் பார்த்துச் சிரித்தாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

சென்னையிலிருந்து சித்தப்பா மகன் வந்திருக்கிறான். சாய் வான் ஹோவிலிருந்து படகில் லேய் யூ முன். ஒடுங்கிய சந்து, இருபுறமும் தொட்டிகள். இங்கே மீனைக் கடையில் வாங்கி, உணவகத்தில் கொடுத்துச் சமைக்கக் கூலி தனியாகக் கட்ட வேண்டும். மீன் விலையை மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்தால் கூலி தலையில் இடிக்கும், இரண்டையும் சேர்த்தே கேட்டேன்.

"அண்ணா, அந்தச் செவப்பு மீன்?"

"பார்க்கத்தான்டா அது."

அவனுக்குச் சிங்கி இறால் பாலாடைக்கட்டியோடு வேண்டும். உயிரோடு இருந்ததற்காக அத்தனை காசு கொடுத்துவிட்டு, அதைச் சீஸுக்கு அடியில் புதைப்பதா? கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. தின்றான், பிரமாதம் என்றான். மீனில் இரண்டு வாய் எடுத்துவிட்டு, "புளி இல்லையே" என்றான். மீதி மீன் எனக்கு, சூடு இறங்குவதற்குள் முடித்தேன்.

பில்லில் தலைக்கு இவ்வளவு என்று தேநீர், கேட்காமல் வைத்த நிலக்கடலைக்குத் தனிக் கணக்கு, எல்லாவற்றுக்கும் மேல் பத்து சதவீதச் சேவைக் கட்டணம். கடலையை அவன்தான் காலி செய்திருந்தான், அதனால் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.