சும்மா வந்த ஏழு ராத்திரி

"மச்சான், என் ரிசார்ட் மெம்பர்ஷிப்பை உன் பேருக்கு மாத்திக்கிறியா? எனக்கு ஒரு பைசா வேணாம்டா" என்றான் கல்லூரி நண்பன். ஹாஸ்டலில் பாதி பன்னுக்குக் கணக்கு எழுதி வைத்து மாசக் கடைசியில் வசூலித்தவன் அவன். எனக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

25 வருடத் திட்டம். வருடத்துக்கு ஏழு ராத்திரி. 13 வருடம் ஓடிவிட்டது, 12 பாக்கி. அவன் இதை வாங்கியதே ஒரு கூத்து. மாலில் சும்மா ஒரு குலுக்கல் சீட்டை நிரப்பிப் போட்டிருக்கிறான். "சார், பரிசு விழுந்திருக்கு, மேடத்தையும் அழைச்சுட்டு வந்து வாங்கிக்குங்க" என்று போன். இந்த வியாபாரத்தில் ஜோடியாகத்தான் வரச் சொல்வார்கள். தனியாக வந்தவன் "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று நழுவிவிடுவான் இல்லையா! ஹோட்டல் ஹாலில் டீ, சாண்ட்விச், முடிவே இல்லாத பேச்சு. பக்கத்து மேஜையில் யாரோ கையெழுத்துப் போட, ஹாலே கைதட்டியிருக்கிறது. இவன் ரோஷக்காரன், பேனாவை வாங்கிவிட்டான். பரிசாகக் கொடுத்த டின்னர் செட் இன்னும் பரணில்தான் இருக்கிறது. அதைப் பார்த்தாலே அவன் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வருமாம்.

வருடத்துக்குச் சில ராத்திரி தங்க முன்கூட்டியே பணம் கட்டும் இந்த மாதிரித் திட்டத்துக்கு டைம்ஷேர் என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை வாங்கியவர் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று 2009-லேயே விதி போட்டிருக்கிறார்கள். இவனுக்கு அவ்வளவு நாள்கூடத் தேவைப்பட்டிருக்காது. அன்றைக்கு வீடு திரும்பியதும் அவன் அப்பா கேட்ட கேள்வியே போதும்.

சரி, நம் கதைக்கு வருவோம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் பேச்சை எடுத்தேன். பையனும் பெண்ணும் நீச்சல் குளம் என்றதும் பெட்டியை இறக்கப் போய்விட்டார்கள். என் மனைவி மட்டும் அசையவில்லை.

"வருஷா வருஷம் எவ்வளவு கட்டணும்னு கேட்டீங்களா?"

கேட்டேன். பராமரிப்புக் கட்டணம் 18,000. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 3,240. ஆக 21,240 ரூபாய். போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். பெயர் மாற்றக் கட்டணம் தனி.

மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். "ஒரு ராத்திரிக்கு மூவாயிரத்துச் சொச்சம். ஏத்தாமலே இருந்தாலும் 12 வருஷத்துக்கு ரெண்டரை லட்சத்துக்கு மேல. ஏத்தாம இருப்பாங்களா?"

"ஏழு ராத்திரியும் போனாத்தானே அந்த மூவாயிரம்?" என்று நானாகவே வாயைக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் ஏழு ராத்திரி சேர்ந்தாற்போல் வெளியே தங்கியது உறவுக்காரக் கல்யாணத்துக்கு மட்டும்தான். அதுவும் சாப்பாடு இலவசம்.

நண்பனை மறுபடி கூப்பிட்டு, மே மாதம் ஊட்டி கிடைக்குமா என்றேன். மலர்க் கண்காட்சி பார்க்க அம்மாவுக்கு ரொம்ப நாளாக ஆசை.

"மச்சான், அது பர்ப்பிள் சீசன். நம்மது ஒயிட்."

"ஒயிட்னா?"

"கூட்டம் இல்லாத மாசம்டா. நிம்மதியா இருக்கலாம்."

பள்ளிக்கூடம் நடக்கும் மாசம் என்பதைத்தான் அப்படிச் சொன்னான். அதோடு ஸ்டுடியோ அறை. பெரியவர் இரண்டு, பிள்ளைகள் இரண்டு. அம்மா வந்தால் கூடுதல் ஆள், கூடுதல் கட்டணம். இங்கே பிடிக்காவிட்டால் வெளிநாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றான். 1974-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த ஆர்.சி.ஐ. மாதிரி நிறுவனங்கள் இந்தப் பரிமாற்றத்தைத்தான் செய்கின்றன. ஆனால் அதற்கும் கட்டணம் உண்டு, விமான டிக்கெட்டும் நம் தலையில். ஊட்டிக்கு இ-பாஸ் எடுக்கவே பையனைக் கெஞ்சுகிற ஆள் நான்.

அதுவரை வாயே திறக்காத அம்மா, "அங்க அடுப்பு இருக்குமாடா?" என்றாள்.

இல்லை. நண்பன் போன இடங்களில் கெட்டில் மட்டும்தான். சாப்பாடு அவர்கள் ரெஸ்டாரண்டில், அவர்கள் விலையில். காலை இட்லிக்கு அவன் கொடுத்த பில்லைக் கேட்டதும் அம்மா எழுந்துவிட்டாள். "யானையைச் சும்மா குடுப்பான், தீனி யாருடா போடறது?" என்றபடி விளக்கை அணைக்கப் போனாள். தீர்ப்பு அவ்வளவுதான்.

வேண்டாம் என்று நண்பனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. இழுத்து இழுத்துச் சொன்னேன். அவன் கோபித்துக்கொள்ளவே இல்லை. "பரவால்லடா, என் மச்சினனும் இதையேதான் சொன்னான்" என்றான். எனக்கு முன்னால் ஒரு வரிசையே நின்றிருக்கிறது!

பிறகு ஒரு சனி, ஞாயிறில் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். சாதாரண லாட்ஜ். 20 கொண்டை ஊசி வளைவிலும் பெண் வாந்தி எடுக்காமல் வந்ததே பெரிய விஷயம். அவனும் குடும்பத்தோடு வருகிறேன் என்றான். "உன் மெம்பர்ஷிப்ல ரூம் போட்டுக்கோயேன்" என்றேன்.

"பார்த்தேன்டா, வீக்கெண்ட் ஃபுல். உங்க லாட்ஜ்லயே ஒரு ரூம் சொல்லிடு."

சொன்னேன். ஏரியில் படகு விட்டோம், மிளகாய் பஜ்ஜி தின்றோம், அம்மா இண்டக்ஷன் அடுப்பில் எல்லோருக்கும் ரசம் வைத்தாள். அவன் மனைவி மூன்று தடவை வாங்கிக் குடித்தாள். இரண்டு ரூமுக்கும் நான்தான் பணம் கட்டினேன். அவன் பங்கு இன்னும் வரவில்லை. கேட்டால், ஆண்டுக் கட்டணம் கட்டின மாசமாம், கை கொஞ்சம் இறுக்கமாம்.