முள்ளுக்கு ஒரு குடை

நேற்று சாயந்திரம் நாலரை மணிக்கு வழக்கம்போல வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பள்ளிக்கூட ஆபீசைப் பூட்டிவிட்டு வந்து, வீட்டு வாசலில் காடியை நிறுத்தி ஹார்ன் அடிக்கிறேன், அடிக்கிறேன். கேட்டைத் திறக்கக் குடையோடு ஓடிவர வேண்டியவரையும் காணோம், குடையையும் காணோம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், தீபாவளிக்குத் தங்கச்சி வாங்கித் தந்த என் மயில்நீலக் குடை, ஆனைக்கற்றாழையின் நடுமண்டைமேல் விரிந்திருக்கிறது. மூன்று பக்கமும் ராஃபியா கயிறு இழுத்துக் கட்டி, சாமி ஊர்வலத்துக்குப் பிடித்த மாதிரி ஜம்மென்று.

நனைந்துகொண்டே நானே கேட்டைத் திறந்தேன்.

"குருத்துல தண்ணி நின்னா அழுகிடும்" என்றார் இவர், கோப்பியை ஊதிக்கொண்டே. எனக்கும் தலை என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை.

எல்லாம் எட்டு வருடத்துக்கு முன் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போனதில் ஆரம்பித்தது. ஸ்ட்ராபெரி வாங்கப் போனோம். பன்னிரண்டு வெள்ளிக்கு, உள்ளங்கை அளவு முள்ளுக்குட்டியோடு திரும்பினோம். இப்போது அதன் அகலம் ஐந்தடி. காடியிலிருந்து இறங்குபவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் வர முடியும். பெரியண்ணன் வருவதையே விட்டுவிட்டார்.

அமெரிக்காவில் அரிசோனா, அங்கே டூசான் என்று ஓர் ஊர். அந்த ஊர்த் தோட்டங்களின் வீடியோக்களை இவர் ராத்திரி பன்னிரண்டு மணிவரை பார்ப்பார். அங்கே கல்லைப் பரப்பி, நடுவில் கற்றாழையை வைத்துவிட்டு, அவர்கள்பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது பகலெல்லாம் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரிதான் திறக்குமாம். தண்ணீரை அப்படி மிச்சம் பிடிக்கிற செடி. அந்த ஊருக்கு வருடம் முழுக்கவே 300 மில்லிமீட்டர் மழைதான். இங்கே மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் அது ஏறக்குறைய ஒரே அக்டோபரில் தீர்ந்துவிடுகிற கணக்கு. கோலகங்சாரைத் தாண்டினால் தைப்பிங், மழைக்கென்றே பேர்போன ஊர். இவர் ஒட்டகத்தைக் கொண்டுவந்து ஆற்றில் கட்டிவிட்டு, அதற்குச் சளி பிடிக்கிறதே என்று கவலைப்படுகிறவர்.

அதற்காக ஒரு லோரி குவாரி கல், அரை லோரி ஈயச் சுரங்கத்து (லம்பத்து) மணல் இறக்கி, தண்ணீர் நிற்காமல் வடிய இரண்டடி மேடு எழுப்பினார். பேரன் கண்ணில் குத்திவிடும் என்று மாமி, இவருடைய அம்மா, ஒவ்வொரு முள் நுனியிலும் முட்டை ஓட்டைக் கவிழ்த்து வைத்தார். மேடு, அதன்மேல் வெள்ளை வெள்ளையாக முட்டை ஓடு. எதிர்வீட்டு அக்கா ஒரு வெள்ளிக்கிழமை செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

போன வருடம் அடி மட்டை ஒன்றை இவர் பாராங் கத்தியால் வெட்டப்போய், சாறு தெறித்து முழங்கை வரை தடித்துவிட்டது. அதில் ஊசி ஊசியாக ஏதோ உப்புப் படிகம் இருக்கிறதாம். கிளினிக்கில் "என்ன பட்டது?" என்று கேட்டதற்கு இவர் "கற்றாழை" என்றார். "கற்றாழை தோலுக்கு நல்லதாச்சே!" என்று பதில் வந்தது. அந்தக் கற்றாழை வேறு, இந்தக் கற்றாழை வேறு என்று இவர் சொறிந்துகொண்டே அரை மணி நேரம் பாடம் எடுத்தார். வெளியே எட்டுப் பேர் நம்பர் வாங்கிக் காத்திருந்தார்கள்.

அழகில்லை என்று சொல்லமாட்டேன். சாம்பல் நீல மட்டையைக் கிட்டப் போய்ப் பார்த்தால், குருத்தாக ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில் பக்கத்து மட்டையின் முள் அழுத்திய தடம் வரிசையாக, வாள் பல்லை அச்செடுத்த மாதிரி, அப்படியே இருக்கும். அதற்காகக் குடையா?

மாமிக்கு இதில் பிடித்தது ஒன்றே ஒன்று. மெக்சிகோவில் இதன் குருத்தைக் குடைந்து, ஊறுகிற சாற்றைப் புளிக்கவைத்து 'புல்கே' என்று ஒரு கள் இறக்குகிறார்கள் என்று இவர் ஒருநாள் சொன்னார். மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்கப்பா உசிரோட இருந்திருந்தா குடையென்னடா, கூரையே போட்டிருப்பாரு."

பத்து முதல் முப்பது வருடத்துக்குள் ஒரே ஒரு தடவை இருபதடிக்குமேல் தண்டு விட்டுப் பூக்கும், அதோடு செத்துப்போகும் என்று இவர் சொன்னபோதும் மாமி அசரவில்லை. "வாழை மாதிரிதானே? குட்டி வச்சிருக்குல்ல, விடு."

சரி, நேற்று ராத்திரிக்கு வருகிறேன். மூன்றரைக்கு மறுபடி மழை. இவர் குறட்டையில் டூசான் போய்விட்டார். தண்ணீர் குடிக்க எழுந்தால், வாசலில் ஒரு வெளிச்சம் ஆடுகிறது. திருடன்தான் என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். மாமி! பேரன் பள்ளிக்கூட முகாமுக்கு வாங்கிய தலைலைட்டை நெற்றியில் மாட்டிக்கொண்டு, காற்றில் சாய்ந்த குடையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, உரமூட்டை பிளாஸ்டிக்கைக் கிழித்துக் குருத்துக்குமேல் சரிவாகக் கட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரத்து வெட்டு நனையாமல் சுற்றிக் கட்டுவார்களே, அந்த மாதிரி. அந்தக் கைக்கு முடிச்சு மறக்கவில்லை.

"என்ன மாமி இந்நேரத்துல?"

"மழைச் சத்தம் கேட்டா எனக்கு ஏதும்மா தூக்கம்? விடியக்காலை மழைன்னா அன்னிக்கு வெட்டு இல்ல, சம்பளமும் இல்ல. தகரத்துல எப்போ சத்தம் நிக்கும்னு கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். பிள்ளைங்க நாலும் தூங்கும்." அப்புறம், "நின்னு பார்க்காத, அந்த ஓரத்தைப் பிடி" என்றார்.

பிடித்தேன். முள் கட்டைவிரலில் ஏறியது. இன்னும் கடுக்கிறது.

காலையில் இவர் அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "பார்த்தியா, எங்கம்மாவுக்கு எப்படி மூளை!" என் குடை லோங்கான் (சாக்கடை) ஓரம் கிடந்தது. மூன்று ஓட்டை, ஒரு கம்பி வளைசல். ஒன்றும் பேசாமல் வேலைக்குக் கிளம்பினேன்.

ஆபீசில் வந்து பையைத் திறந்தால், சாப்பாட்டு டப்பாவுக்குமேல் மீதி உரமூட்டை, கழுவித் துடைத்து, நாலாக மடித்து இருக்கிறது. தலையில் போட்டுக்கொள்ள மாமி வைத்தது. மணி இப்போது நாலு இருபது.