கோத்தகிரி நாட்குறிப்பு: லைன் வரும்வரை

நவம்பர் 3

வெளி லைப்ரரிகளை (மற்றவர்கள் எழுதிய கோடுகளை) இறக்கிக் கட்டும் ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஃபைபர் இணையம் இன்னும் வரவில்லை. குஞ்சப்பனைக்குக் கீழே மரம் விழுந்து அறுந்துவிட்டதாம். போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி கிட் க்ளோன் (கோடு முழுவதையும் வரலாற்றோடு, அதாவது ரெப்போவை, இறக்கும் கட்டளை) போட்டால் பாதியில் நிற்கிறது. நின்றால் மறுபடி முதலிலிருந்துதான், விட்ட இடத்தில் தொடர கிட்டுக்கு வழியில்லை. டார் ஃபைல் (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிய மூட்டை) என்றால் பரவாயில்லை: டவுன்லோடு கட்டளையான கர்லில் ‘மைனஸ் சி மைனஸ்’ கொடுத்தால் மிச்சத்தை மட்டும் இழுத்துக்கொள்ளும்.

நவம்பர் 4

வெளி லைப்ரரிகளின் பட்டியல் தயார். வரிக்கு ஒன்று: பெயர், முகவரி, ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்), லைசென்ஸ். ஸ்கிரிப்டுக்குள் எந்த முகவரியும் கிடையாது, பட்டியலைப் படிப்பது மட்டும்தான் அதன் வேலை. வெர்ஷன் மாறினால் டிஃப்பில் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில்) அந்த ஒரு வரிதான் மாறித் தெரியும்.

பிராஞ்ச் பெயர் இருந்த வரிகளை எல்லாம் எடுத்தாயிற்று. பிராஞ்ச் என்பது வளரும் கோடின் நுனி, தினமும் நகரும். வெர்ஷனுக்கு ஒட்டும் டேகும் நிலையானதல்ல. ரெப்போவின் சொந்தக்காரர் அதை அழித்துவிட்டு அதே பெயரில் வேறு கமிட்டின் (சேமித்த வேறொரு நிலையின்) மேல் வைக்கலாம், புதிதாக க்ளோன் செய்கிற ஸ்கிரிப்டுக்கு அது தெரியவே தெரியாது. 40 எழுத்து கமிட் ஹாஷ்தான் வேண்டும். ஏழெட்டு எழுத்துச் சுருக்கத்தை ஃபெட்ச் (சர்வரிலிருந்து இறக்கும் கிட் கட்டளை) ஏற்காது. காலி டைரக்டரியில் கிட் இனிட், ரிமோட் ஆட், முழு ஹாஷோடு ‘டெப்த் 1’ ஃபெட்ச், பிறகு ஃபெட்ச்-ஹெட்டை செக்அவுட். பழைய வரலாறு இறங்காது, இந்த ஹாட்ஸ்பாட்டுக்கு அதுவே பெரிய ஆறுதல். சில சர்வர்கள் ஹாஷ் கேட்டால் மறுக்கும், அவற்றுக்கு மட்டும் முழு க்ளோன்.

பட்டியலில் இருக்கும் எக்ஸ்எம்எல் பார்சரை (எக்ஸ்எம்எல் ஃபைலைப் படிக்கும் லைப்ரரி) என்ன செய்வது? அதற்கு ரெப்போவே இல்லை.

நவம்பர் 5

விடாத மழை. கரண்டும் இல்லை.

நவம்பர் 6

டவுன்லோடு நடுவில் கரண்ட் போனால் அரைகுறை ஃபைல் சரியான பெயரோடு கிடக்கும். மறுநாள் ஸ்கிரிப்ட் ‘ஃபைல் இருக்கிறது’ என்று தாண்டிப் போய்விடும். அதனால் முதலில் ‘பார்ட்’ என்று முடியும் பெயரில் இறக்கு, ஷா-256 ஹாஷ் பார், பொருந்தினால் மட்டும் எம்வி கட்டளை போட்டு அசல் பெயருக்கு மாற்று. இரண்டு பெயரும் ஒரே டைரக்டரியில் இருக்க வேண்டும். தற்காலிக டைரக்டரியான டெம்ப் வேறு ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் எம்வி உள்ளுக்குள் காப்பி செய்யும், அதுவும் பாதியில் அறுபடலாம்.

கர்லுக்கு மைனஸ் எஃப் கட்டாயம். அது இல்லாவிட்டால் 404 (‘ஃபைல் இல்லை’) பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லையே டார் ஃபைல் என்று சேமித்துவிட்டு வெற்றி என்று சொல்லும். இருந்தால் தோல்வி என்று எக்ஸிட் கோட் 22 தரும். கர்லை நேராக டாருக்கு பைப் செய்வதும் வேண்டாம். ஹாஷ் பார்ப்பதற்குள் ஃபைல்கள் பிரிந்து டிஸ்கில் உட்கார்ந்திருக்கும்.

நவம்பர் 7

பட்டியலில் முதல் லைப்ரரி மட்டும் இறங்கி ஸ்கிரிப்ட் அமைதியாக முடிந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வரி வரியாகப் படிக்கும் ‘வைல் ரீட்’ லூப்புக்குள் ஓடும் கட்டளை பட்டியலின் மிச்ச வரிகளைத் தன் இன்புட் என்று விழுங்கிவிடுகிறது. எஸ்எஸ்ஹெச் வழியாகப் போகும் கிட் இதைச் செய்யும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கட்டளைக்கும் எப்போதும் காலியாக இருக்கும் டெவ்-நல்லை இன்புட்டாகக் கொடுக்க வேண்டும். பட்டியலின் கடைசி வரி என்டர் இல்லாமல் முடிந்தால் அந்த லைப்ரரியும் சத்தமில்லாமல் விட்டுப்போகும்.

கட்டளை தோற்றால் ஸ்கிரிப்டை நிறுத்தும் ‘செட் மைனஸ் இ’ இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஒரு ஃபங்ஷனை ‘இஃப்’ நிபந்தனையில் கூப்பிட்டால் அதற்குள் மைனஸ் இ வேலை செய்யாது. நடுவில் தோற்றாலும் அடுத்த வரிக்குப் போகும். ஒவ்வொரு முக்கிய வரிக்கும் ‘தோற்றால் வெளியேறு’ என்று வெளிப்படையாக எழுதுவதே நல்லது.

நவம்பர் 8

எக்ஸ்எம்எல் பார்சர். ரெப்போ கிடையாது, டிஜிட்டல் கையெழுத்து கிடையாது. எழுதியவரின் சொந்தத் தளத்தில் ஒரு டார் ஃபைல் மட்டும். பழைய பில்டு மெஷினில் (கோடைக் கட்டும் கணினியில்) ஒரு பிரதி இருக்கிறது. அவர் வெளியிட்டது அதுதானா?

நவம்பர் 9

இரவெல்லாம் இதே யோசனை. ஹாஷ் பொருந்தினால் நாம் முன்பு குறித்து வைத்த அதே ஃபைல் என்றுதான் அர்த்தம், நல்ல ஃபைல் என்று அர்த்தமில்லை. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் (ஃபைல்களைச் சுருக்கும் மென்பொருள்) விவகாரத்தில் 5.6.0, 5.6.1 வெர்ஷன்கள் இரண்டிலும் பின்கதவு (ரகசிய நுழைவழி) இருந்தது. பில்டு சமயத்தில் அதைத் தூண்டிவிடும் எம்4 ஃபைல் வெளியிட்ட டார் ஃபைலில் மட்டும் இருந்தது, கிட்டில் இல்லை. ரெப்போவை வரி வரியாகப் படித்தவருக்கும் அது கண்ணில் பட்டிருக்காது. ரெப்போ இருக்கும் லைப்ரரிகளை டாரிலிருந்து எடுக்காமல் கமிட்டிலிருந்தே எடுப்பது அதனால்தான்.

ரெப்போக்களை வைக்கும் தளமான கிட்ஹப் தானாகச் செய்து தரும் சோர்ஸ் டாரில் இன்னொரு சிக்கல். 2023 ஜனவரி 30 அன்று அங்கே கம்ப்ரெஷன் முறை மாறி, உள்ளடக்கம் அதேயாக இருந்தும் ஹாஷ் மாறியது. பலருடைய பில்டு நின்ற பிறகு மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்த டாரின் ஹாஷைப் பட்டியலில் போடுவதாக இருந்தால் டாரையும் நாமே பத்திரப்படுத்த வேண்டும்.

பார்சருக்கு இந்த இரண்டு வழியும் இல்லை.

நவம்பர் 11

பேட்ச்கள், அதாவது வெளி லைப்ரரியில் நாம் போடும் திருத்தங்கள். ஏற்கெனவே பேட்ச் போட்ட டைரக்டரியில் மறுபடி போட்டால் பேட்ச் கட்டளை ‘தலைகீழா?’ என்று கேட்டுக்கொண்டு நிற்கும், தானியங்கி பில்டில் பதில் சொல்ல ஆள் ஏது? போட்டாயிற்றா என்று கண்டுபிடிக்க முயல்வதை விட, ஒவ்வொரு முறையும் டைரக்டரியை அழித்து டாரைப் புதிதாகப் பிரித்து, எண் வரிசையில் பேட்ச் போடுவது பாதுகாப்பு. அழிக்கும் வரியில் வேரியபிளுக்குப் பின் ‘கோலன் கேள்விக்குறி’ இருக்கட்டும். பெயர் காலியாக இருந்தால் அழிக்கும் கட்டளையான ஆர்எம் ஓடாமல் ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.

நவம்பர் 12

கோவையிலிருந்து தம்பி கேட்டான்: “அண்ணா, ரெப்போ டைரக்டரியை அப்படியே பென்டிரைவ்ல போட்டுக் கொண்டு வரட்டுமா?” வேண்டாம் என்றேன். பென்டிரைவின் ஃபேட்32-வில் சிம்லிங்க் (வேறு ஃபைலைச் சுட்டும் இணைப்பு) நிற்காது, எக்ஸிக்யூட் அனுமதி போய்விடும், 4 ஜிபி ஃபைலும் ஏறாது. ஒவ்வொரு ரெப்போவையும் மிரராக (முழு நகலாக) எடுத்து ‘கிட் பண்டில்’ போட்டு ஒரே ஃபைலாக்கச் சொன்னேன். இங்கே பண்டிலிலிருந்து மிரர் க்ளோன், பிறகு பழுதில்லையா என்று பார்க்கும் எஃப்எஸ்சிகே. அடுத்த தடவை, போன முறை வந்த கமிட்டுக்குப் பிந்தியது மட்டும் போதும்.

கிட்டின் குளோபல் கான்ஃபிகில் ‘இன்ஸ்டெட்ஆஃப்’ எழுதி கிட்ஹப் முகவரியை இங்குள்ள மிரருக்குத் திருப்பிவிட்டால் பட்டியலைத் தொடவே வேண்டாம். சப்மாட்யூல்களும் (ரெப்போவுக்குள் இணைத்த வேறு ரெப்போக்களும்) அதே வழியில் போகும்.

நவம்பர் 13

அரவேணு வரை பஸ் வருகிறதாம். பண்டில்கள் கைக்கு வந்தன.

ரூட்டாக ‘அன்ஷேர் மைனஸ் என்’ போட்டு, நெட்வொர்க்கே இல்லாத இடத்தில் பில்டு. இணையத்தைத் தேடும் எதுவும் அங்கேயே விழும். ஒரு லைப்ரரியின் சிமேக் (பில்டு கருவி) ஃபைல் ‘ஃபெட்ச்கன்டென்ட்’ வழியாக இன்னொரு லைப்ரரியை இழுக்கப் பார்த்தது. நம் பட்டியலில் அதற்கு வரியே இல்லை. அதையும் சேர்த்து, சோர்ஸ் டைரக்டரி வேரியபிளில் உள்ளூர்ப் பாதையைக் கொடுத்தேன். இனி இறக்குவது ஒரு ஸ்கிரிப்ட், கட்டுவது இன்னொன்று. கட்டும் ஸ்கிரிப்டில் கர்லும் கிட்டும் ஒரு வரியில்கூட இருக்காது.

நவம்பர் 14

பார்சருக்கு ஒரு வழி தெரிகிறது. டெபியன் லினக்ஸில் அதே வெர்ஷன் இருந்தால், சோர்ஸ் விவரம் சொல்லும் டிஎஸ்சி ஃபைலில் அசல் டாரின் ஷா-256 எழுதியிருக்கும். நம் பிரதியோடு ஒப்பிடலாம். லைன் வர வேண்டும்.

நவம்பர் 15

இல்லை.

நவம்பர் 16

லைன் வந்தது. டிஎஸ்சி கிடைத்தது, ஹாஷ் பொருந்தவில்லை. ஆனால் வெர்ஷனின் வாலில் ‘டிஎஃப்எஸ்ஜி’ இருக்கிறது. லைசென்ஸ் ஒத்துவராத ஃபைல்களை நீக்கி மறுபடி கட்டிய டார் அது, ஹாஷ் மாறத்தான் செய்யும். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து ‘டிஃப் மைனஸ் ஆர்’ ஓடவிட்டிருக்கிறேன். ‘நம் பிரதியில் மட்டும்’ என்று வரும் வரிகள் டெபியன் விலக்கியவையா என்று காப்பிரைட் ஃபைலோடு பார்க்க வேண்டும். இரண்டிலும் இருக்கும் ஃபைலில் ஒரு எழுத்து வேறுபட்டாலும் காரணம் தேட வேண்டும்.